ஒடிந்த மரம் செத்த மரமில்லை

மார்ச் 4

அன்புள்ள அண்ணா,

நலமாக இருக்கிறேன். ஆய்வு நிலையத்தின் கூரை மட்டும் புயலோடு போய்விட்டது. தார்ப்பாய்க்குக் கீழே குடித்தனம். வெளியே காடு மொட்டையாக நிற்பதைப் பார்த்துப் பார்த்து அழுதேன். இன்று காலை அழுகை நின்றது. பாதியில் முறிந்த மரங்களின் பட்டையைக் கிழித்துக்கொண்டு தளிர் வந்திருக்கிறது. வருஷக்கணக்காக நிழலில் முழங்கால் உயரத்தைத் தாண்டாத கன்றுகள், வெளிச்சம் பட்டதும் விறுவிறுவென்று ஏறுகின்றன.

மரம் அள்ளும் குத்தகைக்காரர்கள் உன் அலுவலகத்தைச் சுற்றுகிறார்களாம். ஒடிந்த மரம் செத்த மரமில்லை அண்ணா. கையெழுத்துப் போடும் வன அதிகாரி நீ. இயந்திரங்களை உள்ளே விட்டுவிடாதே.

உன் பாப்பா

மார்ச் 19

அன்புள்ள பாப்பா,

"பொண்ணு தார்ப்பாய்க்குள்ள கெடக்கா, உனக்கு எப்படிடா சோறு எறங்குது?" என்று அம்மா என்னைப் பிடுங்கி எடுக்கிறாள். கொஞ்ச நாள் வந்து இருந்துவிட்டுப் போ. காடு எங்கே ஓடிவிடப் போகிறது? நான் இருக்கும்வரை ஓர் இயந்திரமும் உள்ளே போகாது. ஜீப் அனுப்புகிறேன்.

அண்ணன்

மே 2

அண்ணா,

உன் வீட்டில் அம்மாவுக்குக் கால் பிடித்துவிட்டுக்கொண்டு இருந்தேனே, அந்த நாட்களில்தான் காட்டின் கிழக்குச் சரிவை இயந்திரம் விட்டு வழித்திருக்கிறாய். திரும்பி வரும் வழியில் டிரைவர் உளறிவிட்டார்: "நீங்க ஊர்ல இருக்கறப்பவே வேலைய முடிச்சிடணும்னு ஐயாதாம்மா சொன்னாரு." தளிர் விட்ட மரங்கள் லாரியில் போய்விட்டன. கன்றுகள் சக்கரத்தில் நசுங்கிக் கிடக்கின்றன. மண் இறுகி, சக்கரத் தடத்தில் தண்ணீர் தேங்கி நாறுகிறது. அம்மாவின் கவலையாவது நிஜமா, அதுவும் நீ சொல்லிக்கொடுத்ததா?

பாப்பா

செப்டம்பர் 10

பாப்பா,

மூன்று கடிதம் போட்டும் உன்னிடமிருந்து பதிலே இல்லை. எனக்கு மேலிடத்து நெருக்கடி. நீ கத்துவாய் என்றுதான் உன்னை வரவழைத்தேன். இப்போது அங்கே எல்லாம் பச்சைப் பசேல் என்கிறார்கள். பிறகு என்ன? மரம் அள்ளியதைப் பற்றி விசாரணைக் குழு வருகிறது. காடு நன்றாக மீள்கிறது என்று ஒரு வார்த்தை சொல். என் வேலை உன் வாயில்தான் இருக்கிறது. அப்பா போன பிறகு உன்னைப் படிக்க வைத்தது யார் என்று நினைத்துப் பார்.

அண்ணன்

அக்டோபர் 1

வன அதிகாரி அவர்களுக்கு,

குழு வந்து போனது. முதலில் இயந்திரம் ஏறாத மேற்குச் சரிவுக்குக் கூட்டிப்போனேன். அங்கே கன்றுகள் என் தலைக்கு மேல் நிற்கின்றன. ஒடிந்த மரங்களில் புதுக் கிளைகள், பறவைகள்கூட வந்துவிட்டன. பிறகு உங்கள் கிழக்குச் சரிவு. பச்சைப் பசேல் என்றீர்களே, அது கொடி. ஒரு கன்றையும் தலைதூக்க விடாமல் போர்த்திக் கிடக்கிறது. யார் அனுமதித்தது என்று கேட்டார்கள். சொன்னேன்.

படிக்க வைத்ததை மறக்கவில்லை. படித்ததைத்தான் சொன்னேன்.

அம்மாவைப் பார்க்க வருவேன், நீங்கள் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து. எனக்கு ஜீப் வேண்டாம்.

இப்படிக்கு,
ஆய்வாளர்