மண்டோருக்குச் சொன்ன பதில்

இன்று ஜெராம் கிளினிக்கில் என் தோளில் வந்திருக்கும் கட்டியைத் துடைக்க நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்தாள். அன்று ஆஸ்பத்திரியில் உன் தொடையில் அந்த மெல்லிய குழாயைப் பிடித்து ஒட்டியிருந்த பிளாஸ்டரிலும் இதே வாடைதான் அடித்தது. உடனே உன் மேல் எனக்குக் கோபம் வந்தது. செத்தவள் மேல் என்னடி கோபம் என்பாய். வந்தது, அவ்வளவுதான்.

நாம் செம்பனைக் காட்டில் உரம் போட்ட காலத்திலிருந்தே உனக்கு 'ஒன்னுமில்ல' என்ற பதில் பழகிவிட்டது. விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் வரிசையாக நிற்போம். "யாருக்கு மேலுக்கு முடியல?" என்பார் எங்களை வேலை வாங்கும் மண்டோர். முடியவில்லை என்றால் லயத்து வீட்டுக்குத் திரும்ப வேண்டியதுதான், அன்றைக்குச் சம்பளம் கிடையாது. காய்ச்சலில் உடம்பு கொதித்தாலும் "ஒன்னுமில்லங்க" என்போம்.

பிறகு உன் காலில் செம்பனை முள் ஏறியது. நீயோ இனிப்புநீர்க்காரி, சர்க்கரை ஏறிய உடம்பில் புண் லேசில் ஆறாது. "ஒன்னுமில்ல லா" என்று மஞ்சளை வைத்துக் கட்டிக்கொண்டாய். கால் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

ஆப்பரேஷன் வலி தெரியாமலிருக்க, டாக்டரம்மா ஸ்கேன் திரையைப் பார்த்துக்கொண்டே உன் தொடை வழியாக நரம்புக்குப் பக்கத்தில் நூல் போன்ற அந்தக் குழாயை வைத்திருந்தார். மரத்துப்போகவைக்கும் மருந்து அதில் இறங்கிக்கொண்டே இருந்தது. முதல் நாள் நீ கஞ்சி குடித்தாய், பக்கத்துக் கட்டில்காரியின் குறட்டையைக் கேலி செய்தாய். மறுநாள் நான் வந்தபோது போர்வை நுனியைக் கடித்துக்கொண்டு கிடந்தாய்.

"வலிக்குதாடி?"

"இல்ல."

போர்வையை விலக்கினேன். பிளாஸ்டர் பிரிந்து குழாய் வெளியே கிடந்தது. மருந்தெல்லாம் மெத்தையில் ஊறியிருந்தது. காலையில் நீ புரண்டு படுத்தபோதே நழுவியிருக்கிறது. நர்ஸ் கேட்டபோதெல்லாம் மண்டோருக்குச் சொன்ன பதிலையே சொல்லியிருக்கிறாய். நான் போட்ட கூச்சலில் டாக்டரம்மாவே ஓடி வந்தார்.

"ஏன் ஆண்ட்டி சொல்லல?"

"வெட்டிப்போட்ட கால்ல முள்ளு குத்துதுன்னு சொன்னா யாரும்மா நம்புவாங்க?"

"நான் நம்புவேன் ஆண்ட்டி. இல்லாத காலும் வலிக்கும்."

மறுபடி குழாய் வைத்தார்கள். மருந்து இறங்க இறங்க உன் முகம் தளர்ந்தது. "வலி இல்லாம இருந்தா இப்படித்தான் இருக்குமா? எனக்குத் தெரியவே தெரியாதுடி" என்றாய். உன்னைவிட நான் மட்டும் என்ன கண்டேன்?

குழாயை எடுத்த பிறகு புண் சீழ் பிடித்தது. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது என்றார்கள். கடைசி நாளில் என் கையைப் பிடித்து, "வலிக்குதுடி" என்றாய். உன் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் அன்றைக்குத்தான் கேட்டேன். நர்ஸிடம் சொன்னேன், உடனே வந்து ஊசி போட்டாள். சொன்னதும் வந்தார்கள், பார்த்தாயா? யாரும் உன்னை லயத்துக்குத் திருப்பி அனுப்பவில்லை. அன்று சாயங்காலமே நீ போய்விட்டாய்.

கட்டியைத் துடைத்த நர்ஸ், "வலிக்குதாம்மா?" என்று கேட்டாள். 'இல்ல' என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கினேன்.

"வலிக்குதும்மா. ரொம்ப வலிக்குது."

சத்தமாகவே சொன்னேன். பெஞ்சில் வரிசையாகக் காத்திருந்த நம் தோட்டத்துப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். உனக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.