லிங்கம் போடாத கம்பூட்ஸ்

என் ஆசைத் தம்பி லிங்கம்,

செத்தவனைத் திட்டக்கூடாது என்று போர்ட் பிளேர் லம்பா லைன் வீட்டில் உன் மச்சான் சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. உயிரோடு இருந்தவரை நான் திட்டினால் சிரித்தே மழுப்பிவிடுவாய். இப்போதாவது முழுதாகக் கேள்.

கச்சால் தீவில் சுனாமி வந்த காலையில் கடலுக்கே தப்பியவன் நீ. அம்மாவைத் தூக்கிக்கொண்டு ரப்பர் தோட்டத்து மேட்டில் ஏறினாய். வீடு வாசல் எல்லாம் போனது, உன் உடம்பில் ஒரு கீறல் இல்லை. அந்தக் கடலால் முடியாததை, ஆறு மழைக்காலம் கழித்து, ரங்கத் ஊரில் உன் ஆட்டுப்பட்டிச் சேறு செய்துவிட்டது. இதை நான் யாரிடம் போய்ச் சொல்லி அழ?

ரங்கத்துக்குக் குடிவந்து இரண்டு வெள்ளாட்டில் ஆரம்பித்தாய். கப்பல் வராத வாரங்களில் கடையில் பால்பவுடர் தீர்ந்துவிடும். கைக்குழந்தைக்காரர்கள் உன் வாசலில் வந்து நிற்பார்கள். அப்போதும் குட்டியின் பங்கைத் தொடமாட்டாய். ஒரு காம்பு குட்டிக்கு, ஒரு காம்பு ஊருக்கு என்பாய். தாய் ஒதுக்கிய குட்டியை மடியில் போட்டுப் பாட்டிலில் ஊட்டுவாய். மழையில் நனைந்தால் குட்டிக்குச் சளி பிடிக்கும் என்று பாக்குமரச் சட்டங்களால் பரண் கட்டினாய். அவை மேலே காய்ந்த இடத்தில் தூங்கின. நீ கீழே, மூத்திரமும் மழைத்தண்ணீரும் கலந்த சேற்றில், வெறுங்காலோடு குந்திக் கறந்தாய். குட்டிக்கு இருந்த அக்கறையில் கால்வாசி உன்மேல் இருந்திருக்கக் கூடாதா?

நான்தான் போர்ட் பிளேரிலிருந்து கம்பூட்ஸ் வாங்கி பஸ்ஸில் கொடுத்தனுப்பினேன். முழங்கால்வரை வருகிற கறுப்பு ரப்பர் பூட்ஸ். ஒரே ஒரு நாள் போட்டாய். அன்றைக்குப் பெரிய ஆடு பாத்திரத்தை உதைத்துத் தள்ளிவிட்டதாம். உடனே போன்.

"அக்கா, பூட்ஸ் போட்டா இதுங்க பாலை அடக்கிக்குதுக்கா. என் கால் வாசனை தெரியணும் இதுங்களுக்கு."

"அப்ப ஆட்டுக்கும் ரெண்டு ஜோடி அனுப்பட்டுமாடா?" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அதை நினைத்தால் என் வாயிலேயே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பிறகு காய்ச்சல் வந்தது. உன் காலைத் தகரம் கிழித்திருந்ததை நீ சொல்லவே இல்லை. "சாதா ஜுரம்க்கா, டென்ஷன் மத் லோ, கவலைப்படாத. ரெண்டு ஆடு இன்னைக்கோ நாளைக்கோ குட்டி போட்டுரும். இப்ப எப்பிடி ஆஸ்பத்திரி போறது?" என்றாய். நானும் சரி, கஞ்சி குடி என்று போனை வைத்தேன். ஏன் வைத்தேன்? அந்தக் கோபம் உன்மேல் இல்லை, என்மேல்.

மூன்று குட்டிகள் நல்லபடியாகப் பிறந்தன. உன்னைப் போர்ட் பிளேருக்குக் கொண்டுவரும்போது கண்ணெல்லாம் மஞ்சள். எலிக்காய்ச்சல், சேற்றிலிருந்து காயம் வழியே ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். "ஜூத்தா நஹி பெஹன்தா தா?" காலுக்கு ஒன்றும் போடமாட்டாரா என்று கேட்கிறார். ஆட்டுக்குப் பிடிக்காது என்று எந்த வாயால் சொல்வேன்?

ரங்கத்தில் உன் காரியம் முடிந்த மறுநாள் காலை, செல்வி பாத்திரத்தை எடுத்துக்கொண்டு பட்டிக்குள் போனாள். வெறுங்காலோடு! உன் பெண்டாட்டி, அதே சேற்றில். கையைப் பிடித்து வெளியே இழுத்தேன்.

"விடுங்க அண்ணி. அவரு இப்பிடித்தான் கறப்பாரு. இல்லன்னா பால் வராது. இதையும் விட்டா எனக்கு வேற என்ன இருக்கு?"

"பால் வராட்டிப் போகட்டும். நீயும் போகணுமா?"

ஆணியில் புதுசாகத் தொங்கிய கம்பூட்ஸை எடுத்து, விரலிடத்தில் துணி திணித்து, அவள் காலில் நானே மாட்டினேன். அழுதுகொண்டே போனாள். நீ சொன்னபடியேதான் நடந்தது. பெரிய ஆடு உதைத்தது, ஒரு சொட்டு இறங்கவில்லை. "பாத்தீங்களா? அவரு பொய்யா சொன்னாரு?" என்று என்மேல் பாய்ந்தாள். நாளைக்கும் போடு என்றேன். மறுநாள் பாத்திரத்தின் அடி நனைந்தது. அதற்கு மறுநாள், குட்டியை ஊட்டவிட்டு மெல்லப் பிரித்ததும், ஒரு டம்ளர் வந்தது.

நாலாம் நாள் பெரிய ஆடு அசைபோட்டபடி நின்றது. பால் நுரைத்துக்கொண்டு இறங்கியது.

செல்வி கறப்பதை நிறுத்திவிட்டாள். பாத்திரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நாலே நாள்தானா அண்ணி?"

உன்னிடம் இதற்குப் பதில் இருக்கிறதாடா? நாலு நாள் பால் கொட்டிப்போயிருந்தால் ஊர் என்ன செத்தா போயிருக்கும்?

ஆடுகளை விற்கமாட்டோம். குட்டிகளின் காம்பில் யாரும் கைவைக்கமாட்டார்கள். செல்வியின் கால் இனி அந்தச் சேற்றில் படாது. அவள் என்னை எவ்வளவு வெறுத்தாலும் சரி. போனில் யார் சாதா ஜுரம் என்று சொன்னாலும், கஞ்சி குடி என்று சொல்லிவிட்டு உட்காரமாட்டேன். அடுத்த பஸ்ஸில் ஏறி வந்து, கழுத்தைப் பிடித்தாவது ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போவேன். இது சத்தியம். உனக்குச் செய்யாததைத்தான் சொல்கிறேன்.

இன்னும் கோபம் தீராத,
உன் கூடப்பிறந்த அக்கா,
பார்வதி