கதவில் சாப்பிட்டவர்கள்

நேற்று நீ செத்து முப்பத்தோராம் நாள். சாப்பாடு முடிந்து நான் புறப்படும்போது உன் மகள் ஒரு பையைக் கொண்டுவந்து என் காரில் வைத்தாள். இன்று காலை மொன்றியல் ரொக்ஸ்பரோவில் என் வீட்டுக் குசினி மேசையில் வைத்து அதைத் திறந்தேன். பழைய வீடியோ கசெட்டுகள். பிளாஸ்டிக்கும் நிலவறை ஈரமும் கலந்த மணம் மூக்கில் ஏறியது. உன் நல்ல உடுப்புகளை எல்லாம் யார் யாரோ எடுத்துப் போனார்கள். கழுத்துப்பட்டிகள் உன் மைத்துனர் வீட்டுக்குப் போய்விட்டன. எனக்கு வந்து சேர்ந்தது இந்தக் குப்பை.

செத்தவனைப் பற்றி நல்லதைத்தான் பேசவேண்டும் என்பார்கள். அந்த வேலையைச் செய்ய நேற்று வீடு நிறைய ஆட்கள் இருந்தார்கள், அதனால் எனக்கு அந்தப் பாரம் இல்லை. பல வருடமாக உன்னை நினைத்தால் எனக்கு வருவது இளக்காரம்தான். நீ போய்விட்டாய் என்பதற்காக அது எங்கே போய்விடும்?

உன் மைத்துனர் கல்வெட்டு அடித்தார். முப்பத்தோராம் நாள் சாப்பிட வருகிறவர்கள் கையில் தேவாரங்களையும் செத்தவரின் புகழையும் சேர்த்துக் கொடுக்கிற அந்தப் புத்தகத்தை எங்கள் ஆட்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். கல்லில் வெட்டவேண்டிய அளவுக்கு அதில் ஒன்றும் இருப்பதில்லை. படத்தையும் பெயரையும் மாற்றினால் அடுத்த வீட்டுச் சாவுக்கும் பொருந்தும். எனக்கும் ஒரு பக்கம் எழுதச் சொன்னார். என்ன எழுதவேண்டும் என்பதையும் அவரே சொல்லித் தந்தார். அமைதியானவர், அளந்து பேசுகிறவர், வீணாக ஒரு நாளும் வாய்விட்டுச் சிரித்தறியாத பண்பாளர். சிரித்தறியாத என்பதை அவர் ஒரு பட்டம் போலச் சொன்னார். நான் டெலிபோனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தேன்.

மொன்றியலுக்கு வந்த புதிதில் உன்னோடு கோட்-தெ-நேஜில் ஒரு வீட்டில் இருந்தவன் நான். அதை வீடு என்று சொன்னதே வீட்டுக்காரனுடைய துணிச்சல். நாங்கள் இரண்டு பேர், மன்னார்க்காரன், பருத்தித்துறைக்காரன், ஆக நாலு பேர். அரசாங்கம் நடத்திய பிரெஞ்சு வகுப்புக்குப் போனதால் பேப்பரில் நாங்கள் மாணவர்கள். மன்னார்க்காரன் சமைப்பான், பருத்தித்துறைக்காரன் குறை சொல்வான், நான் கோப்பை கழுவுவேன். நீ ஒன்றும் செய்யமாட்டாய். "அடுத்த கிழமை பாப்பம்" என்பதுதான் எந்த வேலைக்கும் உன் பதில்.

லண்டனில் அக்கா வீட்டில் சில மாதம் நின்றுவிட்டுத்தான் நீ இங்கே வந்தாய். மொன்றியல் பனிக்கு வருகிற மனிதன் பெட்டியில் குளிர்ச்சட்டை கொண்டுவருவான். நீ கசெட் கொண்டுவந்தாய். அங்கே டிவியில் போன ஒரு நகைச்சுவைத் தொடராம். ஊத்தை வீடொன்றில் சேர்ந்து இருக்கிற நாலு மாணவர்கள், ஒருவனை ஒருவன் அடிப்பார்களாம், சுவரை உடைப்பார்களாம், கூரை விழுமாம். அடுத்த கிழமை ஒன்றும் நடக்காததுபோல வீடு திரும்ப நிற்குமாம். இதைப் பார்த்தால் பனியே தெரியாது என்று அளந்தாய். நாங்களும் நம்பி, தெரிந்த ஒருவரிடம் கெஞ்சி வீடியோ டெக் இரவல் வாங்கி, அதைப் படிகளில் தூக்கி ஏற்றினோம். போட்டால் திரை முழுக்கக் கோடு ஓடியது. இங்கிலாந்துக் கசெட் கனடா டெக்கில் ஓடாது என்பது கடல் தாண்டிச் சுமந்து வந்த பெரிய மனிதருக்குத் தெரியவில்லை. பருத்தித்துறைக்காரன் உன்னை ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் நீ எழும்பினாய். டெக்கை நிற்பாட்டிவிட்டு, எல்லாம் எனக்கு மனப்பாடம் என்றாய். நாலு மாணவர்களும் நீயே, வீட்டுக்காரனும் நீயே, இடிந்து விழுகிற கூரையும் நீயே. அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் சோறு தின்றுவிட்டு உன்னைப் பார்ப்பதுதான் எங்கள் டிவி. நாலு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு கோட் இருக்கிற கதையைச் செய்தாய். ஒருவன் திரும்பி வந்தால்தான் மற்றவன் வெளியே போகலாம். காதலியைப் பார்க்கப் போனவன் வரமாட்டான், மற்ற மூன்று பேரும் யன்னலில் நின்று அவனைச் சபிப்பார்கள். பனியைக் குளிர்ப்பெட்டியில் வைத்து, அம்மாவுக்குக் காட்ட எடுத்துவைத்திருப்பவனைச் செய்தாய். லண்டனில் அவ்வளவு பனி எங்கே கொட்டுகிறது என்று எங்களில் ஒருவனும் கேட்கவில்லை. சிரிக்கிறவனுக்குப் புத்தி வேலை செய்யாது.

கதவுக் காட்சிதான் எல்லாவற்றிலும் உச்சம். அந்த மாணவர்களிடம் மேசை இல்லை. வாசல் கதவைக் கழற்றி, அதன்மேல் சாப்பாட்டை வைத்துத் தின்றுகொண்டிருப்பார்கள். வீட்டுக்காரர் வருவார். வாசலில் தட்டுவதற்குக் கதவு இல்லை. மரியாதை தெரிந்த மனிதர், தட்டாமல் எப்படி வருவது? உள்ளே வந்து, கோப்பைகளுக்கு நடுவில் இடம் தேடி, மேசையைத் தட்டுவார். நாலு பேரும் தலை நிமிராமல் சொல்வார்கள்: "நாங்கள் சாப்பிடுறம். பேந்து வாங்கோ." பிறகு வரலாம் என்று அவரும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு வெளியே போய் நிற்பார்.

மன்னார்க்காரன் சிரித்துப் புரைக்கேறி இருமினான். எங்கள் மேசையும் கதவுதான். அலுமாரிக் கதவைக் கழற்றிப் பால் பெட்டிகள் மேல் வைத்திருந்தோம். கைபிடி இருந்த பக்கம் எப்போதும் எனக்கு, அது வயிற்றில் இடிக்கும். பார், இங்கிலாந்தில் டிவியில் வருகிறவர்களும் எங்களைப் போலத்தான் சாப்பிடுகிறார்கள் என்று எங்களுக்கு அன்று ஒரே பெருமை. கைபிடியை நான் துடைத்துக்கூட வைத்தேன்.

பிறகு நீ பெரிய மனிதன் ஆனாய். கதவைக் கழற்றியவன் வீடு விற்கிற முகவர் ஆனாய். தமிழ்க் கடைகள் சும்மா கொடுக்கிற கலண்டர் எல்லாவற்றிலும் கழுத்துப்பட்டியோடு நீ. அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பதை நான் மாதத்துக்கு ஒரு தாளாகக் கிழித்துப் பார்த்தேன். உன் கலியாண வரவேற்பில், பெண் வீட்டார் இருந்த மேசையில், அந்தக் கதவுக் காட்சியை ஒருக்காச் செய்து காட்டு என்று நான் கேட்டேன். நீ குனிந்து என் காதில் சொன்னாய்: "ஆக்களுக்கு முன்னால விசர்க்கதை கதையாதை." அதோடு சரி. கோயிலில் கண்டால் தலையை மட்டும் ஆட்டினாய். கர்க்லாண்டில் மாளிகை வாங்கியபோது குடிபூரலுக்கு வந்தேன், சோபாவின் பிளாஸ்டிக் உறையைக் கழற்றாமல் எங்களை உட்கார வைத்தாய். மன்னார்க்காரனின் செத்தவீட்டிலும் நீ மணிக்கூட்டைப் பார்த்தபடிதான் நின்றாய். அங்கே நின்றது கலண்டரில் இருந்து இறங்கி வந்த ஆள் என்றுதான் எனக்குப் பட்டது.

உன் மகள் போன கிழமை கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். கசெட்டுகளை ஒரு கடையில் கொடுத்து, பார்க்கக்கூடிய மாதிரி மாற்றி எடுத்திருந்தாள். பிரெஞ்சில் யோசித்துத் தமிழில் கதைக்கிற பிள்ளை, ஒவ்வொரு சொல்லாகத் தேடினாள். நீ இதை ஏன் இவ்வளவு காலம் ஒளித்து வைத்திருந்தாய் என்று அவளுக்கு விளங்கவில்லை. வீட்டில் எல்லோரும் கல்வெட்டில் வரப்போகிற ஆளைப் பற்றியே கதைக்கிறார்களாம். "எனக்கு அந்த ஆளைத் தெரியும் மாமா. இந்தக் கசெட் வச்சிருந்த ஆளைத்தான் தெரியேல்லை."

இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். சத்தியமாகச் சொல்கிறேன், இப்படி ஒரு கூச்சலை நான் கேட்டதில்லை. கத்துகிறார்கள், உடைக்கிறார்கள், திரும்பக் கத்துகிறார்கள். வீட்டுக்குப் போனால் அப்பாவும் அம்மாவும் அறையும் இருக்கிற பிள்ளைகள் இல்லாமையை விளையாட்டாக நடிக்கிறார்கள். உடைக்க அவர்களுக்கு என்ன பயம், அடுத்த கிழமை யாரோ திருத்தி வைப்பான். எங்கள் யன்னல் உடைந்தபோது வசந்தம் வரும்வரை அட்டைதான் இருந்தது. கூரை விழுந்ததற்கு மட்டும் நான் ஒரு தரம் சிரித்தேன். இதையா தலையில் தூக்கிவைத்து ஆடினாய் என்று நினைத்தேன்.

ஆனாலும் உன் மகளுக்குக் கதவுக் காட்சியைச் செய்து காட்டிவிட்டு, அது வரும் என்று காத்திருந்தேன். ஒரு கசெட் முடிந்தது, அடுத்தது முடிந்தது. கோட் வரவில்லை. குளிர்ப்பெட்டியில் பனி வரவில்லை. கடைசிக் கசெட்டும் ஓடி முடிந்து திரை கறுத்தது, கதவு வரவேயில்லை. அந்த வீட்டில் அவர்களுக்கு நல்ல மேசை ஒன்று இருந்தது.

நான் கம்ப்யூட்டரை மூடினேன். பிறகு உன் மகளிடம் சொன்னேன், உன் அப்பா எங்களை ஏமாற்றியிருக்கிறான். நாங்கள் மாறி மாறிப் போட்ட கோட், எங்கள் மொன்றியல் பனி, எங்கள் கதவு எல்லாவற்றையும் எடுத்து எங்களுக்கே காட்டிவிட்டு, இங்கிலாந்து என்று சொல்லியிருக்கிறான். ஏன் அப்படிச் சொன்னவர் என்று அவள் கேட்டாள். அதற்கு எனக்கு நன்றாகப் பதில் தெரியும். வெள்ளைக்காரன் செய்தால் நாங்கள் டிக்கெட் எடுத்தும் பார்ப்போம். எங்களில் ஒருவன் செய்தால் விசரன், பைத்தியக்காரன் என்போம். எங்கள் சனத்தின் லட்சணம் அது. உனக்கு அது அன்றே தெரிந்திருந்தது. கலியாண வீட்டில் நீ எனக்குச் சொன்னது அதைத்தான் என்று இப்போது விளங்குகிறது. அதற்காக உன்னை மன்னிக்கிறேன் என்று நினைத்துவிடாதே. இவ்வளவு வித்தை கைவசம் இருந்தவன் அதை நிலவறையில் போட்டுவிட்டு கலண்டரில் போய்த் தொங்கினாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. முந்தி இருந்த இளக்காரம் இப்போது இரண்டு மடங்கு.

கல்வெட்டுக்கு நான் கதவுக் காட்சியை மட்டும் எழுதி அனுப்பினேன். உன் மைத்துனர் அதைப் போடவில்லை. மரியாதையான ஆட்கள் வாசிக்கிற புத்தகமாம். நான் எழுதவேண்டிய பக்கத்தில் ஒரு குத்துவிளக்குப் படம் போட்டிருந்தார்.

நேற்று உன் பெரிய சாப்பாட்டு மேசையைச் சுற்றி நாங்கள் இருந்தோம். மைத்துனர் உன் அமைதியைப் பற்றி யாருக்கோ விளக்கிக்கொண்டிருந்தார். உன் மகள் பாயாசத்தோடு வந்தாள். அவர் பேசுவதைக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு கோப்பைகளுக்கு நடுவில் ஒரு இடம் பார்த்து, விரலை மடித்து மேசையைத் தட்டினாள். முகத்தில் ஒரு அசைவு இல்லை. அது உன் முகம்தான்.

நான் தலை நிமிராமல் சொன்னேன்: "நாங்கள் சாப்பிடுறம். பேந்து வாங்கோ."

அவள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் பாயாசத்தோடு வெளியே போய் நின்றாள். அங்கிருந்து அவள் சிரிக்கிற சத்தம் வந்தது. எனக்குச் சோறு புரைக்கேறியது. மேசையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். செத்தவீட்டில் இது என்ன, எங்கே பார்த்த கூத்து என்று உன் மைத்துனர் கேட்டார். இங்கிலாந்து டிவி என்று சொல்லியிருந்தால் அவரும் சிரித்திருப்பார்.

நான் அப்படிச் சொல்லவில்லை. உன் பெயரைச் சொன்னேன்.