மூன்றாம் குழியில் டெக்சாஸ் கல்

மே 4
மினசோட்டாவில் பனி ஒருவழியாகப் போய்விட்டது. எங்கள் கீழ்வயலில் ஆமைகளுக்குக் குளம் வெட்டப் போகிறார்கள். இப்போது அவை தண்ணீருக்காக நெடுஞ்சாலையைத் தாண்டுகின்றன. போன வருடம் ஒன்பது நசுங்கின. பணம் அரசாங்கத்தினுடையது. அதனால் மண்ணுக்குள் பழங்கால மனிதர்களின் தடம் இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டுமாம். அதற்காக வந்திருப்பவர் தொல்லியலாளர் மார்லிஸ். ஐம்பது அடிக்கு ஒரு குழி, உதவிக்கு நிற்கும் என் கையில் ஒரு சல்லடை. இன்று இரண்டு குழி. கிடைத்தது ஒரு பீர் மூடி. சலிக்கச் சலிக்க எனக்கே சலித்துவிட்டது.

மே 5
மார்லிஸ் சாப்பிடப் போனபோது மூன்றாம் குழி மண்ணில் ஒரு கல் அம்பு முனையைச் செருகி வைத்தேன். அப்பா டெக்சாஸிலிருந்து கொண்டுவந்தது. மார்லிஸ் துள்ளிக் குதித்ததும் சொல்லிவிட்டுச் சிரிக்கலாம் என்று.
துள்ளவில்லை. மெதுவாக மண்டியிட்டார். "யாரும் கிட்ட வராதீங்க," என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டார்.
அம்பை நட்டேன், வம்பு முளைத்தது.

மே 6
வேலையை நிறுத்திவிட்டார்கள். விசாரித்து முடிக்கும்வரை தோண்டும் இயந்திரம் வராது. நாளைக்குச் சொல்லிவிடுவேன்.

மே 7
நாளைக்கு.

மே 20
இந்த நிலத்தின் பூர்வகுடிகளான டகோட்டா மக்களின் அலுவலகத்திலிருந்து டெல்மர் வந்தார். மூன்று மணி நேரம் கார் ஓட்டி. தொப்பியைக் கழற்றி, குழியோரம் காணிக்கையாக ஒரு சிட்டிகை புகையிலை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.
"ஏம்மா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?"
"வெயில்," என்றேன். மேகம் மூடியிருந்தது.

ஜூன் 9
இருபத்தேழாம் எண் ஆமை சாலையில் செத்துவிட்டது. முட்டையிடக் கிளம்பியவள். ஓட்டு விளிம்பில், ஆமைகளைக் கணக்கெடுக்க அம்மா அரத்தால் போட்ட அடையாள வெட்டு மட்டும் முழுசாக இருந்தது. அம்மா அவளை வாளியில் எடுத்துவந்தாள்.
"பதினாறு வருஷமா தெரியும் இவள. நீ பொறக்கறதுக்கு முன்னாடியே."
என் வயதைவிட ஒரு வருஷம் கூடுதல். எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

ஜூன் 10
சொல்லிவிட்டேன்.
"அப்பாவோட கல்லா?" அம்மா அவ்வளவுதான் கேட்டாள். போனை என் பக்கம் தள்ளினாள். "ரெண்டு பேருக்கும் நீயே சொல்லு."
மார்லிஸ்: "இனிமே அந்த வயலப் பத்தி நான் எழுதறத எவன் நம்புவான், டார்சி? முதல் குழியிலேர்ந்து மறுபடி தோண்டணும். நீதான் சலிக்கற."
டெல்மர்: "அந்தப் புகையிலைய எடுத்துடாத. நிலத்துக்கு வெச்சேன். உன் கல்லுக்கில்ல."

ஜூன் 14
மார்லிஸின் நிபந்தனை: கால்சட்டைப் பைகளின் வாயைத் தைத்துக்கொண்டு வர வேண்டும். நான்கையும் தைத்தேன். ஊசி குத்தியது. குத்தட்டும்.

ஜூன் 17
பதினான்காம் குழி. மார்லிஸ் காரில் வரைபடம் தேடிக்கொண்டிருந்தார். சல்லடையில் நகமளவு கல் சில்லு. ஓரம் முழுக்கப் பல் பல்லாகக் கொத்தியிருந்தது. எந்தக் காலத்திலோ யாரோ உட்கார்ந்து கொத்தியது.
சொன்னால் குளம் தள்ளிப்போகும். சாலையில் இன்னும் எத்தனை ஆமை சாகும்? வேலிக்கு அப்பால் ஒரு வீச்சு, முடிந்தது. யாருக்குத் தெரியப்போகிறது?
இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன்.
"மார்லிஸ், வாங்க. நான் தொடல."
வந்தார். முதலில் என் பைகளைப் பார்த்தார், நான்கையும். தையல் அப்படியே இருந்தது.
பிறகு மண்டியிட்டார்.