எட்டாம் பத்தி

நாள் 1 | 09:10
ஆய்வாளர் பிலோமினா மச்சாடோ, நிலவுப் பயன்பாட்டுப் பாதுகாப்பு ஆணையம். சரக்கு ஊர்தியில் ஐந்தாம் குடியிருப்புக்கு வந்து சேர்ந்தேன். துணைக்கு யாரும் இல்லை. திரும்பும் ஊர்தி பன்னிரண்டாம் நாள்.
இங்கே ஏ, பி, சி என்று மூன்று பிளாக். பனிச்சுரங்கத் தொழிலாளர்களும் குடும்பங்களும் இருக்கிறார்கள். நான்கு நாள் முன்பு பி பிளாக்கில் அம்மோனியா கசிந்து ஏழு பேர் இறந்தார்கள். மீதி 205 பேர் இப்போது ஏ, சி பிளாக்குகளில்.
என் வேலை காரணத்தைக் கண்டுபிடிப்பது. சட்டப்படி பத்து நாளுக்குள் முழு அறிக்கையும் பொதுப்பலகையில், அதாவது ஒவ்வொரு வீட்டுத் திரையிலும், வர வேண்டும்.
அறை ஒதுக்கினார்கள். ஏ பிளாக் குழாய்த் தடத்தின் கடைசி அறை. வெப்பநிலை 22.

நாள் 2 | 11:35
வெளிக்குழாயில் அம்மோனியா உலையின் சூட்டைச் சுமந்து வருகிறது. வெப்பமாற்றிக்குள் மெல்லிய தட்டுகள் வழியாக அந்தச் சூட்டைத் தண்ணீர் வாங்கிக்கொள்கிறது. அதே தண்ணீர்தான் சுவர்களுக்குள் ஓடுகிறது, குளியலறைக் குழாயிலும் வருகிறது. தட்டு விரிசல் விட்டால் விஷம் வீட்டுக்குள் வந்துவிடும்.
பி பிளாக் வெப்பமாற்றியைப் பிரித்தேன். பதினான்காம் தட்டின் பற்றவைப்பில் மயிரிழை விரிசல். ஏ, சி பிளாக்குகளிலும் அதே வார்ப்பு, அதே மாதம். அவற்றைத் திறக்கவில்லை. வெளியிலிருந்து அளவிகளை மட்டும் பொருத்தினேன்; அளவு என் கருவிக்கு வந்துகொண்டிருக்கும். தண்ணீரின் காரத்தன்மை (pH) இரண்டிலும் 7.2; அம்மோனியா கலந்தால் ஏறும். இப்போதைக்குச் சரி.
இந்தக் குழாய்களை நடத்தும் வெப்பக் கழகத்தின் மேலாளர் அருணகிரி கூடவே நின்றார்.

நாள் 3 | 13:20
உணவுக்கூடத்தில் நான் உட்கார்ந்த மேசையிலிருந்து நான்கு பேர் தட்டோடு எழுந்து போனார்கள். அறைக்கதவில் யாரோ கிரீஸால் 'திரும்பிப் போ' என்று எழுதியிருந்தார்கள்.
காரணம் தெரியும். தட்டுகள் பழுது என்று அறிக்கை வந்தால் வெப்பத்தை நிறுத்தி ஊரையே காலி செய்ய வேண்டும். இவர்களுக்குப் பூமியில் வீடும் இல்லை, வேலையும் இல்லை.
இன்டர்காமில் ஒரு பெண். பெயர் செல்லக்கனி, சி பிளாக். பி பிளாக்கில் மகனைப் பறிகொடுத்தவர்.
"எம்மவனை இந்த மண்ணுலதான் பொதைச்சிருக்கேன். அவன விட்டுட்டு என்னய எங்க போகச் சொல்லுதிய? எழுதுறதுக்கு முன்ன அதச் சொல்லுங்க."
எங்கள் தூத்துக்குடிப் பேச்சு. வைத்துவிட்டார்.

நாள் 5 | 10:50
பழைய புகார்களைத் தேடினேன். எட்டு மாதம் முன்பு யாகூப் என்ற குழாய்ப் பணியாளர் ஆணையத்துக்கு எழுதியிருக்கிறார். குளிக்கிற தண்ணீரில் மூச்சடைக்கும் நெடி. தட்டுகளைச் சோதிக்கச் சொல்லி இரண்டு பக்கம், கையால் வரைந்த படத்தோடு.
பொதுப்பலகையில் வந்தது ஒரே வரி. 'நாற்றம் குறித்த புகார். தீர்வு காணப்பட்டது.'
அந்த வரிக்குக் கீழே சுருக்கொப்பம் பி.ம.
நான்தான். மதியத்துக்குள் நாற்பது புகார்களைச் சுருக்க வேண்டியிருந்த ஒரு நாள். கழகம் 'சரிசெய்தோம்' என்று எழுதியதை அப்படியே நம்பினேன். யாகூபின் படத்தை நான் திறந்துகூடப் பார்க்கவில்லை.
இறந்த ஏழு பேரில் யாகூப் மூன்றாவது பெயர்.

நாள் 6 | 09:30
வரைவறிக்கையை அனுப்பினேன். எட்டாம் பத்தியில் யாகூபின் புகாரையும், ஆணையம் அதைச் சுருக்கிய விதத்தையும், என் முழுப் பெயரையும் எழுதியிருக்கிறேன்.
ஆணையச் செயலர் கிருபாகரனிடமிருந்து உடனே பதில் வந்தது.
"பிலோ, எட்டாம் பத்தியை எடுத்துடு. உனக்கும் நல்லது, எனக்கும் நல்லது. பத்தாம் நாள் 'விசாரணை தொடர்கிறது'ன்னு போட்டுக்கலாம்."
"சார், சி பிளாக்ல காரத்தன்மை 7.2லேர்ந்து 8.3க்கு வந்திருக்கு. அங்கயும் கசியுது. இன்னைக்கே போடணும்."
"பீதியைக் கிளப்பாதே. நான் பார்த்துக்கறேன்."
10:15. பொதுப்பலகையில் பதிவிடும் என் உரிமையை நீக்கிவிட்டார்கள்.
இனி இந்தக் குறிப்பு மட்டும்தான் என்னுடையது. ஆய்வுப்பெட்டியின் கருவியில் எழுதுகிறேன். வெளியிலிருந்து யாரும் அழிக்க முடியாது.

நாள் 7 | 08:05
கதவு வெளியே பூட்டியிருக்கிறது. அறைக்கு வரும் வெப்ப வால்வை மூடிவிட்டார்கள். வெப்பநிலை 9.
அருணகிரி இன்டர்காமில் வந்தார்.
"மேடம், கசிவுக்குக் காரணம் பணியாளர் தவறுன்னு ஒரு கையெழுத்து போடுங்க. அடுத்த நிமிஷம் சூடு வரும்."
"எந்தப் பணியாளர்?"
"யாகூப். அவர்தான் உயிரோட இல்லையே, வருத்தப்பட."
போடவில்லை.

நாள் 7 | 14:40
சி பிளாக் 10.6. வெப்பநிலை இங்கே 1.
அவசரக்கால ஒலிவழி இன்னும் வேலை செய்கிறது. எல்லா அறைகளிலும் கேட்கும். அறிக்கையை முதல் பத்தியிலிருந்து வாசித்தேன். "வாயை மூடுடி" என்று ஒரு ஆண்குரல். யாரோ விசிலடித்தார்கள். எட்டாம் பத்தியை வாசித்தபோது சத்தம் நின்றது. என் பெயரைச் சொல்லி முடித்தேன்.
பிறகு செல்லக்கனி.
"எம்மா, எங்க பிளாக்ல காலையிலேருந்து தண்ணி வழவழன்னு வருது. சோப்பே போடாம கை வழுக்குது. நெடியும் இருக்கு. ஆனா பி பிளாக் கசிஞ்ச நாள்லேருந்து ஊரே நாறிக்கிட்டுத்தான கெடக்கு, அதான் கண்டுக்கல. நீங்க சொல்லுதது இதானா?"
"இதேதான். குழாய்த் தண்ணிய விட்டுருங்க. குடிதண்ணில துணிய நனைச்சு மூக்குல கட்டிட்டு எல்லாரும் வெளிய வாங்க. இப்பவே."
"எல்லாரும்னா கதவத் தட்டணும்."
"தட்டுங்க."

நாள் 7 | 15:25
சி பிளாக் தட்டு உடைந்தது. அதற்குள் அங்கிருந்த 64 பேரில் 62 பேர் ஏ பிளாக்குக்கு வந்துவிட்டார்கள். செல்லக்கனி ஒவ்வொரு கதவாகத் தட்டியிருக்கிறார். வராத இரண்டு பேர் படுக்கையில் கிடந்த பெரியவரும் அவர் மனைவியும்.
பதினைந்து நிமிடம் அழுதேன். கண்ணீர் கன்னத்தில் சில்லிடுகிறது. வெப்பநிலை மைனஸ் 3.

நாள் 8 | 09:00
பொதுப்பலகையில் ஆணையத்தின் அறிக்கை வந்துவிட்டது. கெடுவுக்கு இரண்டு நாள் முன்னதாகவே. என் திரைக்கும் வந்தது.
'சி பிளாக் வெப்பமாற்றியை ஆய்வாளர் முறையற்றுக் கையாண்டதால் கசிவு ஏற்பட்டது. ஏ பிளாக் முற்றிலும் பாதுகாப்பானது.'
தெளிவான நடை. கிருபாகரன் நன்றாக எழுதுவார்.

நாள் 8 | 09:40
கதவுக்கு வெளியே நிறைய காலடிச் சத்தம். திறக்க வந்தார்கள் என்று நினைத்தேன். பற்றவைக்கும் சீறல் கேட்டது. கதவின் ஓரம் சிவந்து, பிறகு கறுத்தது.
கதவைச் சட்டத்தோடு பற்றவைத்துவிட்டார்கள்.

நாள் 8 | 11:10
மைனஸ் 14. நான் பேசும் வழியைத் துண்டித்துவிட்டார்கள். அவர்கள் பேசுவது மட்டும் எனக்குக் கேட்கிறது.
ஏ பிளாக்கில் இப்போது எல்லோரும், 203 பேர். சுமை கூடியதால் வெப்பத்தை முழுதாகத் திறந்திருக்கிறார்கள். ஏ பிளாக் தண்ணீர் அளவி காட்டுவது 9.1.
விரல் மடங்கவில்லை. சொற்களைக் குறைக்கிறேன்.

நாள் 8 | 12:30
9.8.
செல்லக்கனி.
"எம்மா, கேக்குதா? பலகையில என்னென்னமோ போட்டிருக்கான். எனக்கு நம்பிக்கையில்ல. ஏ பிளாக் நல்லாத்தான இருக்கு? ஒரு வார்த்தை சொல்லுங்க. புள்ளைகளைக் குளிப்பாட்டலாமான்னு கேக்காளுவ."
கத்தினேன். போகாது. தெரியும்.

நாள் 8 | 12:50
10.3. என் அறைக் குழாய் ஏ பிளாக் தடத்தோடு சேர்ந்தது. ஸ்பேனரால் அடிக்கிறேன். மூன்று, இடைவெளி, மூன்று. ஒரு கையால் அடி, ஒரு கையால் எழுத்து.
கேட்கட்டும்

நாள் 8 | 13:0
"எம்மா, ஏன் பதிலே இல்ல... ஏ, இங்க பாருங்கடி, குழாய்ல டொக்கு டொக்குன்னு சத்தம் வருது. சூடு ஏறுது போல. சரி, புள்ளைகளைக் குளிக்கக் கூட்டிட்டு வாங்க."
அடிக்கிறேன் அடி