அமாவாசையன்று அணைத்த கம்ப்யூட்டர்

ஆரணி

என் செல்லம் திலகவதிக்கு,

நீயும் மாப்பிள்ளையும் கைக்குழந்தையும் சிகாகோ குளிரில் சளி பிடிக்காமல் இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் இருக்கிறோம், சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை. நாலு மெயில் போட்டேன், பதில் இல்லை, போன் பண்ணினால் வைத்துவிடுகிறாய், அதனால் தபால்காரர் காலில் விழுந்திருக்கிறேன்.

நம் வீட்டு இன்டர்நெட்டை மூன்று கம்ப்யூட்டருக்குப் பிரித்துவிட்ட மகா இன்ஜினியர் நான்தான். தறிக்கூடத்தில் டிசைன் போடும் கம்ப்யூட்டரில் லைன் வந்து இறங்கும், அதிலிருந்து ஒயர் மாடிக்கு. அந்த ஒயரில் சேத்துப்பட்டு வரை துணி காயவைக்கலாம் என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டேனே தவிர, கீழே இருப்பதை அணைத்தால் மாடியில் இன்டர்நெட் வராது என்பதை ஒருத்தருக்கும் சொல்லவில்லை.

உன் கல்யாணத்துக்குப் பிறகு நாலு வருஷம் உன் பெயரையே எடுக்காத அப்பா, பேத்தியைக் காமிராவில் பார்க்கிறேன் என்றாரே, அன்றைக்கு வானமே பூவாகக் கொட்டியது எனக்கு. நாளையும் அவரே குறித்தார். "அமாவாசைன்னா தறி ஓடாது, கொழந்த சத்தம் காதுல வுழும்டா" என்றார். நான் பாவி, விடிந்ததும் தறிகளுக்குப் பொட்டு வைத்து, டிசைன் கம்ப்யூட்டரும் தறிக்கூடத்துப் பிள்ளைதானே என்று அதற்கும் ஒன்று வைத்து, வழக்கம்போல் அணைத்துவிட்டு தேவிகாபுரம் கோயிலுக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

அப்பா புதுச் சட்டை போட்டுக்கொண்டு காலை ஏழு மணிக்கே மாடியில் உட்கார்ந்தாராம். "கொழந்த தூங்கிகினு இருக்கும், எழுப்ப அவளுக்கு மனசு வந்திருக்காது" என்று உங்கம்மாவிடம் உனக்காக அவரே பேசினாராம். பதினோரு மணிக்குக் காமிரா மேல் துண்டைப் போட்டுவிட்டு இறங்கி வந்தாராம். நீயும் அங்கே பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, அப்பா மனசு மாறவில்லை என்று அழுதிருப்பாய்.

மறுநாள் கீழே டிசைன் கம்ப்யூட்டரைப் போட்டபோதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய்ச் சொன்னால், "நீ எப்படா நெசம் பேசின? அவளுக்கு முட்டுக் குடுக்கறியா, போடா" என்கிறார் அண்ணன். ஆயுசு முழுக்க நான் அவிழ்த்துவிட்ட புளுகெல்லாம் ஒன்றாகத் திரும்பி வந்து என் வாயை அடைத்துவிட்டது, கண்ணு.

நீயாவது நம்பு. இனி ஒவ்வொரு ஞாயிறும் நம்ம ஊர் காலை ஏழு மணிக்கு, உங்களுக்குச் சனி ராத்திரி, தறிகளை நிறுத்திவிட்டு மாடியில் நான் காத்திருப்பேன். உன் முகம் தெரிந்த பிறகுதான் அண்ணனைக் கூப்பிடுவேன். இன்னொரு முறை அவரை வெறும் கம்ப்யூட்டர் திரைக்கு முன்னால் உட்காரவைக்க என்னால் ஆகாது.

பேத்திக்குக் காதை மூடிக் குல்லா போடு. மூன்று பேரும் நூறு வயசு நன்றாக இருங்கள்.

இந்த ஒரு கடிதத்தில் மட்டும் எதையும் கூட்டிச் சொல்லாத
உன் சித்தப்பா,
பன்னீர்செல்வம்