தொட்டியில் கிள்ளிய கொழுந்து

4.3.1979, ஞாயிறு

எங்கள் தேயிலை எஸ்டேட் துரை சீமைக்குக் கிளம்பிவிட்டார். பங்களாவில் வேண்டாத சாமான்களை வாசலில் போட்டிருந்தார்கள். ஆளுக்கொன்றாகத் தூக்கினோம். நல்ல மெத்தையைப் பக்கத்து வீட்டு மாரியம்மா தட்டிக்கொண்டு போனாள். எனக்கு வாய்த்தது மீன் தொட்டி. இரண்டடி நீளம், சுத்தக் கண்ணாடி. சுமாடு கூட்டித் தலையில் வைத்துக்கொண்டு வந்தேன். லைன் வீடுகள் முழுக்க ஒரே சிரிப்பு.

சிரிக்கட்டும். வீட்டுக்காரர் எதையாவது பார்க்க வேண்டும், அதற்குத்தான். பொங்கலுக்கு மறுவாரம் பேக்டரி ரோலர் இவருடைய வலது கையில் மூன்று விரலை வாங்கிக்கொண்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருக்கிறார். ஒரு வார்த்தை கிடையாது. சோறு என்றால் எழுந்து உட்காருவார், அவ்வளவுதான்.

தொட்டியை அந்தச் சுவரோரமே வைத்தேன்.

11.3.79

ரிங்லெட் டவுனில் ஜப்பார் பாய் சாப்பாட்டுக் கடையில் இப்படி ஒரு தொட்டி உண்டு. செடியும் மீனுமாக அழகாக இருக்கும். கேட்டேன். "மொதல்ல மணலு, அப்புறம் செடி. செடி வேர் புடிச்ச பின்னாடிதான் மீனு. அவசரப்படாத லா, தங்கச்சி" என்றார்.

அவசரப்படாமல் எப்படி? ஆற்று மணல், கரையோரப் பாசிச்செடி, அவரிடமே வாங்கிய ஆறு கப்பி மீன் — எல்லாம் இன்றைக்கே போட்டாயிற்று. தண்ணீர் தேத்தண்ணி நிறத்தில் இருக்கிறது. பால் ஊற்றினால் குடிக்கலாம்.

14.3.79

ஆறும் செத்துவிட்டன.

ஜப்பார் பாய் சொல்கிறார்: "அது தாப்பா மீனு, கீழ சூட்டு ஊர்ல வளர்ந்தது. இந்தக் குளிரு தாங்காது லா. என் கடையில நாள் பூரா அடுப்பு எரியுது, அதான் நிக்குது." இதை அன்றைக்கே சொல்லித் தொலைத்தால் என்ன?

25.3.79

சல்லடையை எடுத்துக்கொண்டு ஓடையில் இறங்கினேன். எலும்பு வரைக்கும் குளிர். விரல் நீளத்தில் நாலு மீன் கிடைத்தது. இது நம் மலை மீன், குளிர் பழகியது. கொண்டுவந்து விட்டேன். "பாருங்க" என்றேன். பார்க்கவில்லை. யாருக்காக இந்தப் பாடு படுகிறேன்?

3.4.79

செடி மஞ்சளாகிவிட்டது. இலை மஞ்சளானால் என்ன செய்ய வேண்டும் என்று இந்த எஸ்டேட்டில் எனக்கா சொல்லித்தர வேண்டும்? பத்து வருடம் உரம் போட்டவள். உர ஸ்டோரிலிருந்து ஒரு பிடி சல்பேட்டை முந்தானையில் முடிந்து வந்து தொட்டியில் போட்டேன்.

4.4.79

நாலு மீனும் போச்சு. நான்தான் கொன்னேன். தேயிலைக்குப் போடுறத மீன் தொட்டியில போடுவாளா ஒருத்தி? புத்தி எங்க போச்சு எனக்கு?

செத்த மீனை அள்ளும்போது இவர் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். வாயைத் திறந்து திட்டுவார் என்று நின்றேன். திட்டினாலாவது தேவலை. மறுபடியும் சுவர்.

10.4.79

ஆபீஸ் கிராணி கூப்பிட்டுவிட்டார். "ஜூன் ஒண்ணாந்தேதி உன் புருஷன் சிங்காரம் எஸ்டேட் கேட்டுல காவலுக்கு வந்து நிக்கணும். லேசான வேலைதான். வரலேன்னா பேர வெட்டிருவாங்கம்மா. நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வந்து இவரிடம் சொன்னேன். சுவரிடம் சொன்ன மாதிரிதான்.

பேர் வெட்டினால் இந்த மனுஷன் இனி எழுந்திருக்கவே மாட்டார். எனக்கு நன்றாகத் தெரியும்.

15.4.79

ரோஷம் வந்துவிட்டது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மணலை ஏழு தண்ணீரில் அலசினேன். கரண்டு சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வருகிறது, பத்துக்குப் போய்விடுகிறது. அந்த வெளிச்சம் செடிக்கு எந்த மூலைக்கு? தொட்டியைச் சன்னலோரம் மாற்றினேன். இனி பார்க்க வேண்டுமென்றால் இவர்தான் திரும்பிப் படுக்க வேண்டும். வேண்டாமென்றால் போகட்டும்.

செடி மட்டும் நட்டேன். உரம் கிடையாது. மீனும் கிடையாது.

22.4.79

செடி வளரவில்லை. இவரும் திரும்பவில்லை.

2.5.79

வேலை முடிந்து வந்தால் தலையணை கட்டிலின் மறுபக்கம் கிடக்கிறது. சன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருக்கிறார். "என்ன?" என்றேன். கண்ணை மூடிக்கொண்டார். திமிர்.

13.5.79

ஓடையிலிருந்து இரண்டே இரண்டு மீன். நிற்கின்றன.

22.5.79, செவ்வாய்

இதை இன்றைக்கே எழுதிவிட வேண்டும்.

மலையிலிருந்து வந்து கூடையை இறக்கினேன். தொட்டியில் ஒரு செடி தண்ணீர் மட்டத்துக்கு வந்திருந்தது. உச்சியில் புதுத் துளிர், பச்சையாக, அப்படி ஒரு அழகு. குனிந்து பார்த்தேன். என் கை எப்போது உள்ளே போனது என்று சத்தியமாகத் தெரியாது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பட்டென்று கிள்ளிவிட்டன. காலையிலிருந்து அதைத்தானே செய்கின்றன.

"ஏய்! கிள்ளாதடி! அது என்ன தேயிலையா?"

தொண்டை கட்டிய குரல். யாரோ என்று திரும்பினேன். இவர் எழுந்து நிற்கிறார்.

எனக்கு வந்ததே ஆத்திரம். "நாலு மாசமா சோறு போடுறேன், ஒரு வார்த்த கெடையாது. ஒரு பாசிக்காக வாயத் தெறக்குறீங்களா?"

"இருபது நாளா அந்தத் துளிரத்தான்டி பாத்துக்கிட்டுக் கெடக்கேன்."

வந்தார். என் கையிலிருந்த துண்டைப் பிடுங்கினார். இடது கையால் மணலை விலக்கி, வலது கையில் மிச்சமிருக்கும் இரண்டு விரலால் அதைக் குத்தி நட்டார். அந்தக் கையை அவர் வெளியே நீட்டி இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

பின்பக்கம் போய் அழுதேன்.

30.5.79

கிள்ளின இடத்தில் இரண்டு துளிர். அவர் நட்ட துண்டும் வேர் பிடித்துக்கொண்டது. "பாத்தீங்களா, கிள்ளினாத்தான் கிளைக்கும்" என்றேன். "வாய மூடு, இனிமே நீ கை வைக்காத" என்றார். சந்தோஷமாக மூடிக்கொண்டேன்.

ஜூன் ஒன்றைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

1.6.79, வெள்ளி

காலையில் நான் மலைக்குப் போகும்போது படுத்துத்தான் இருந்தார். நாள் முழுக்க மனம் கொழுந்தில் இல்லை. கங்காணியிடம் இரண்டு தடவை ஏச்சு.

வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. திறந்து பார்த்தால், கட்டிலில் பாய் சுருட்டித் தலையணை அதன்மேல் வைத்திருக்கிறது. தொட்டிக்கு அடியில் ஒரு காகிதம். இடது கையால் எழுதியது, ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எழுத்து மாதிரி ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

"தண்ணி மாத்தாதே. கிள்ளாதே. ஆறு மணிக்கு வருவேன்."

தேத்தண்ணிக்கு உலை வைத்துவிட்டு, தொட்டி முன்னால் உட்கார்ந்திருக்கிறேன். கை வைக்கவில்லை.